கடைசிப் பல்பு வரை அதே வெள்ளை

முதல் வருடம் கூரை விளிம்பில் நூறு பிக்சல் மாட்டினேன், தனித்தனியாக நிறம் மாற்றக்கூடிய குட்டி விளக்குகள். ஐம்பது ஐம்பதாக இரண்டு சரம். ஒன்றின் வாலில் இன்னொன்றைச் செருகி, ஒரே பக்கத்திலிருந்து கரண்ட் கொடுத்திருந்தேன். இருட்டியதும் எல்லாவற்றையும் முழு வெள்ளையில் எரியவிட்டோம். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்த மகள், "அப்பா, அந்தக் கோடியில மட்டும் ஏன் ரோஸா இருக்கு?" என்று கேட்டாள். ஏணியில் இருந்த எனக்குத் தெரியவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால், அறுபது பிக்சல் வரை பளிச்சென்ற வெள்ளை, அதற்குப் பிறகு மெல்ல மெல்லச் சிவந்துகொண்டே போய், கடைசிப் பத்தும் வெளிறிய ரோஜா நிறம்.

எட்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். அன்று அவள் கேட்டதற்கான பதில்தான் இதில் முக்கால்வாசி. ஒவ்வொரு விளக்கும் தனித்தனி நிறம் காட்டுகிற பிக்சல் சரங்களை வாங்கியதும் எல்லோருக்கும் மென்பொருளில்தான் கை போகிறது. அது கடைசியில் வரட்டும். கடைசிப் பிக்சலுக்குக் கரண்ட் எப்படிப் போகிறது, மழைத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறுகிறது, இந்த இரண்டையும் முதலில் காகிதத்தில் வரையுங்கள்.

ஏன் ரோஸ் ஆனது

ஒரு பிக்சலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்இடி உண்டு. சிவப்புக்கு ஏறக்குறைய 2 வோல்ட் இருந்தால் போதும். நீலத்துக்கும் பச்சைக்கும் 3 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ வேண்டும். கட்டுப்படுத்தும் சில்லும் தன் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். வோல்டேஜ் இறங்க இறங்க நீலமும் பச்சையும் முதலில் மங்கும், சிவப்பு தாக்குப்பிடிக்கும். அதனால்தான் வெள்ளை சிவக்கிறது.

எவ்வளவு இறங்கும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 5 வோல்ட் பிக்சல் ஒன்று முழு வெள்ளையில் அதிகபட்சம் 60 மில்லிஆம்பியர் இழுக்கும் என்று வையுங்கள், நிறத்துக்கு 20 வீதம். ஐம்பது பிக்சலுக்கு 3 ஆம்பியர். பிக்சலுக்குப் பிக்சல் 10 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரத்தின் நீளம் 5 மீட்டர். கரண்ட் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும், ஆகவே 10 மீட்டர் வயர். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.035 ஓம் என்றால் மொத்தம் 0.35 ஓம். சுமை வழிநெடுக இறங்கிக்கொண்டே போவதால் கோடியில் விழுவது 3 ஆம்பியருக்கான இழப்பில் பாதிதான், சுமார் அரை வோல்ட். கடைசிப் பிக்சலுக்கு 4.5 வோல்ட் கிடைக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

இப்போது இரண்டு சரத்தை இணைத்துப் பாருங்கள். கரண்ட் இரண்டு மடங்கு, வயரும் இரண்டு மடங்கு. இழப்பு நான்கு மடங்காகி 2 வோல்ட்டைத் தாண்டுகிறது. உண்மையில் வோல்டேஜ் இறங்கும்போது பிக்சல்கள் இழுக்கிற கரண்ட்டும் குறைவதால் இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் நீலம் மங்க அது போதும். என் கூரையில் நடந்தது இதுதான்.

அதே நூறு பிக்சலுக்கு இரண்டு முனையிலும் கரண்ட் கொடுத்தால், ஒவ்வொரு முனையும் ஐம்பதைத்தான் சுமக்கும். மிகக் குறைந்த வோல்டேஜ் நடுவில் இருக்கும், அங்கும் இழப்பு அரை வோல்ட்தான். இப்படி இடையிடையே சப்ளையிலிருந்து (வீட்டு மின்சாரத்தை 5 அல்லது 12 வோல்ட்டாக மாற்றித் தருகிற கருவி) புது வயர் கொண்டுவந்து ஊட்டுவதைத்தான் பவர் இன்ஜெக்‌ஷன் என்கிறார்கள். 5 வோல்ட்டில் நான் ஐம்பது பிக்சலுக்கு ஒரு முறை கொடுக்கிறேன், 12 வோல்ட்டில் நூறுக்கு ஒரு முறை. விளக்குகளைப் பாதி வெளிச்சத்துக்கு மேல் ஓட்டாதவர்கள் இன்னும் தள்ளித் தள்ளிக் கொடுக்கலாம்.

5 வோல்ட்டா, 12 வோல்ட்டா

சப்ளை சரத்துக்குப் பக்கத்திலேயே இருக்க முடியுமானால் 5 வோல்ட். ஜன்னல் சட்டம், நட்சத்திரம், வாசல் வளைவு இவற்றுக்கெல்லாம் அதுவே போதும். சப்ளைக்கும் முதல் பிக்சலுக்கும் நடுவில் பத்து மீட்டர் வந்துவிட்டால் 12 வோல்ட்டுக்குப் போங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் பத்து மீட்டர் தூரத்துக்கு 3 ஆம்பியர் அனுப்பினால், போகவர 20 மீட்டரில் 0.7 வோல்ட் போய்விடும். 5 வோல்ட்டுக்கு அது ஏழில் ஒரு பங்கு. 12 வோல்ட்டுக்குப் பதினேழில் ஒரு பங்கு, பிக்சலுக்கு உறைக்கவே உறைக்காது.

12 வோல்ட்டில் ஒரு குறை உண்டு. பல 12 வோல்ட் பிக்சல்கள் மிஞ்சுகிற வோல்டேஜை ரெசிஸ்டரில் சூடாக்கித் தள்ளுகின்றன. அதே வெளிச்சத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் வாட் செலவாகும். சப்ளையும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும்.

வாங்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். 12 வோல்ட் பட்டை விளக்குகளில் பெரும்பாலும் ஒரு டபிள்யூஎஸ் 2811 சில்லு மூன்று எல்இடிகளைச் சேர்த்து ஓட்டும். மூன்றும் ஒரே நிறத்தில்தான் எரியும். குண்டு வடிவத்தில் ரெசின் ஊற்றி அடைத்த 12 மில்லிமீட்டர் பிக்சல்களில் ஒன்றுக்கு ஒரு சில்லு. வெளியில் மாட்ட எனக்குப் பிடித்தவை இந்தக் குண்டு பிக்சல்கள்தான். பட்டையில் மேலுறைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்தால் அது நீளவாக்கில் ஓடிப் பத்து பிக்சலைக் கெடுக்கும். குண்டில் கெட்டால் ஒன்றோடு போகும்.

சப்ளையும் ஃபியூஸும்

மொத்த ஆம்பியரைக் கூட்டி, சப்ளையின் திறனில் 80 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். இருநூறு பிக்சலுக்கு 5 வோல்ட்டில் 12 ஆம்பியர், அதாவது 60 வாட். 75 வாட்டுக்குக் கீழ் வாங்க வேண்டாம். இரவில் முப்பது சதவீத வெளிச்சமே கண்ணுக்கு நிறைவாக இருக்கும், நான் அதற்கு மேல் ஓட்டுவதே இல்லை. ஆனால் வயரையும் சப்ளையையும் முழு வெள்ளைக்குத்தான் கணக்கிடுகிறேன். பிக்சல்களுக்கு நிறம் சொல்கிற கன்ட்ரோலர் ஒருமுறை தவறிப்போய் எல்லாவற்றையும் முழு வெள்ளைக்குக் கொண்டுபோனால் எதுவும் உருகக் கூடாது.

ஃபியூஸைப் பலர் விட்டுவிடுகிறார்கள், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 5 வோல்ட் ஷாக் அடிக்காது, அதனால் ஆபத்தில்லை என்று நினைக்கிறோம். மேலே சொன்ன 0.35 ஓம் வயரின் கோடியில் பாசிட்டிவும் கிரவுண்டும் (கரண்ட் சப்ளைக்குத் திரும்பிப் போகிற வயர்) ஒட்டிக்கொண்டால் 14 ஆம்பியர் ஓடும். 60 ஆம்பியர் சப்ளைக்கு அது சாதாரணச் சுமை, அணையாமல் கொடுத்துக்கொண்டே இருக்கும். மெல்லிய வயர் சூடாகி மேல்தோல் உருகும், பக்கத்தில் இருப்பது காய்ந்த மரச்சட்டமாக இருக்கலாம். சப்ளையிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு பாசிட்டிவ் வயருக்கும், கிளம்பும் இடத்திலேயே, ஒரு 5 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். வண்டிகளில் வருகிற பிளேடு ஃபியூஸ் பெட்டி இதற்கு நன்றாகப் பொருந்தும்.

இரண்டு சப்ளை வைத்தால், ஒன்றின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் சரத்தின் பாசிட்டிவ் வயரை மட்டும் வெட்டிவிடுங்கள். இரண்டு சப்ளையின் பாசிட்டிவும் ஒன்றோடொன்று சேரக் கூடாது. கிரவுண்ட் எல்லாம் கட்டாயம் சேர வேண்டும். நிறச் செய்தியைக் கொண்டுபோகிற டேட்டா வயர் அந்தக் கிரவுண்டை ஒப்பிட்டுத்தான் பேசுகிறது.

வீட்டு மின்சாரம் வருகிற பக்கத்தில் நீங்கள் கை பழகியவர் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவரிடம் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். வெளிப்புற இணைப்புக்கு 30 மில்லிஆம்பியரோ அதற்குக் குறைவோ கசிந்தாலே துண்டிக்கிற பாதுகாப்பு சுவிட்ச், சப்ளையின் உலோக உடலுக்கு எர்த் வயர், மூடி போட்ட பிளக் பாயிண்ட். சில சப்ளைகளின் பக்கவாட்டில் 115, 230 என்று மாற்றுகிற சிறு சுவிட்ச் ஒன்று துளைக்குள் ஒளிந்திருக்கும். பிளக் போடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

டேட்டா வயர்

கன்ட்ரோலர் அனுப்புகிற செய்தியில் முதல் 24 பிட்டை முதல் பிக்சல் எடுத்துக்கொண்டு, மீதியைப் புதுப்பித்து அடுத்ததற்குத் தள்ளும். அது தன் 24 பிட்டை எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளும். வரிசையில் நிற்பவர்கள் செங்கல் கைமாற்றுவது போல. அதனால் சரத்துக்கு ஒரு திசை உண்டு. அம்புக்குறி பார்த்து மாட்டுங்கள், திருப்பி மாட்டினால் ஒன்றுமே எரியாது. ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோவினாடி, ஒரு பிக்சலுக்கு 30. ஆயிரம் பிக்சலை ஒரே வயரில் கோத்தால் ஒரு தடவை செய்தி போய்ச்சேர 30 மில்லிவினாடி, நொடிக்கு 33 காட்சிக்கு மேல் கிடைக்காது. கன்ட்ரோலரின் ஒரு வெளியீட்டுக்கு ஐந்நூறோடு நிறுத்திக்கொண்டால் ஓட்டம் வழுவழுவென்று இருக்கும்.

மேஜையில் அழகாக எரிந்தது, வெளியில் மாட்டியதும் கண்டபடி மினுக்குகிறது என்று என்னிடம் வருகிறவர்கள்தான் அதிகம். இஎஸ்பி 32 போன்ற கன்ட்ரோலர்கள் 3.3 வோல்ட்டில் டேட்டா கொடுக்கின்றன. 5 வோல்ட்டில் ஓடுகிற டபிள்யூஎஸ் 2812பி பிக்சல், 'ஆன்' என்று ஏற்க சப்ளையில் 70 சதவீதம், அதாவது 3.5 வோல்ட் கேட்கிறது. மேஜையில் குட்டி வயர் என்பதால் ஏதோ சமாளித்தது. மூன்று மீட்டர் வயர் சேர்ந்ததும் அந்தக் கொஞ்சமும் போய்விட்டது. நடுவில் 74ஏஹெச்சிடி125 என்ற சில்லை வைத்து 5 வோல்ட்டுக்கு உயர்த்துங்கள். அதன் வெளியீட்டில் 33 முதல் 470 ஓமுக்குள் ஒரு ரெசிஸ்டர் தொடராக இருக்கட்டும்.

டேட்டா வயரோடு ஒரு கிரவுண்ட் வயரையும் சேர்த்து முறுக்கி, இரண்டையும் ஒன்றாகவே முதல் பிக்சல் வரை கொண்டுபோங்கள். கிரவுண்ட் வேறு வழியாகச் சுற்றி வந்தால் மினுக்கல் வரும். கன்ட்ரோலர் ஐந்து மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால், நடுவழியில் ஒரு தனிப் பிக்சலைக் கோத்துவிடுகிறேன். அது செய்தியைப் புதுப்பித்து அனுப்பும். மென்பொருளில் 'முதல் ஒன்றைத் தாண்டு' என்று அமைத்துவிட்டால் அது எரியாமல் அஞ்சல்காரராக மட்டும் இருக்கும். பல பத்து மீட்டர் தூரம் என்றால், நெட்வொர்க் கேபிளில் இரட்டை வயராக அனுப்பி மறுமுனையில் பிரித்தெடுக்கிற ஆர்எஸ் 485 பலகைகள்தான் சரி.

கரண்ட் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்காதீர்கள். மூன்றாவது வருடம் அவசரத்தில் அப்படிப் பிடுங்கினேன். கனெக்டரில் கிரவுண்ட் ஊசி ஒரு கணம் முன்னால் விட்டுவிட்டால், திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் டேட்டா வயர் வழியாகப் பாயும். முதல் பிக்சலும் அந்த உயர்த்தும் சில்லும் சேர்ந்தே போயின. அன்றிலிருந்து பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஏணியில் ஏறுகிறேன்.

ஜாயின்ட்

ஒரு மழைக்காலம் முடிந்து, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிய என் பழைய ஜாயின்ட் ஒன்றைப் பிரித்தேன். மேலே டேப் காய்ந்திருந்தது. உள்ளே தண்ணீர் அப்படியே நின்றிருந்தது. பாசிட்டிவ் வயரின் செம்பு பச்சையும் நீலமுமாகப் பூத்து, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. பக்கத்திலேயே இருந்த கிரவுண்ட் வயர் கறுத்திருந்தாலும் முழுசாக இருந்தது. நேர்மின்சாரத்தில் தண்ணீர் சேர்ந்தால் பாசிட்டிவ் பக்கத்தைத்தான் முதலில் தின்னும். டேப் தண்ணீரை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே பிடித்து வைத்திருந்தது.

இப்போது நான் ஜாயின்ட் போடுகிற விதம் இது. சால்டர் வைக்கும் முன்பே, சூடு பட்டால் சுருங்குகிற, உள்ளே பசை தடவிய குழாய்களை வயரில் கோத்துத் தள்ளி வைத்துவிடுவேன். மூன்று வயருக்கும் மூன்று சின்னது, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெரியது. மூன்று வயரையும் ஒரே நீளத்தில் வெட்டமாட்டேன். ஒவ்வொன்றும் இரண்டு சென்டிமீட்டர் முன்பின்னாக இருந்தால் சால்டர் முடிச்சுகள் பக்கத்தில் பக்கத்தில் வராது. செம்பு இழைகளை ஒன்றுக்குள் ஒன்று விட்டு முறுக்கி, வயரைச் சூடாக்கி, ஈயம் தானாக உள்ளே இழுபடுகிற வரை வைப்பேன். ஆறியதும் கூர்மையாக நீட்டிக்கொண்டிருப்பதைத் தேய்த்துவிட்டு, சின்னக் குழாய்களைச் சுடவைப்பேன். பிறகு பெரியது, நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் ஓரத்தை நோக்கி. குழாயின் வாயில் பசை மணிமணியாகப் பிதுங்கி வந்தால்தான் அடைபட்டது என்று அர்த்தம். பிதுங்கவில்லையென்றால் இன்னும் சூடு காட்ட வேண்டும்.

சிலிகான் பூசுகிறவர்கள் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகைதான் வேண்டும்.

முடிந்த இடத்திலெல்லாம் ஜாயின்ட்டே போடாமல், மரை போட்டு இறுக்குகிற வாட்டர்புரூஃப் கனெக்டரைப் பயன்படுத்துங்கள். ஒரே வகை கனெக்டரை ஒரே இடத்தில் மொத்தமாக வாங்குங்கள். பார்க்க ஒன்று போலிருந்தாலும் உள்ளே வயர் வரிசை மாறியிருக்கும். மாட்டும் முன் மல்டிமீட்டர் வைத்து எது பாசிட்டிவ் என்று தொட்டுப் பாருங்கள், நிறத்தை நம்ப வேண்டாம். சரத்தின் கடைசியில் எதுவும் மாட்டாமல் தொங்குகிற கனெக்டருக்கும் மூடி போடுங்கள். அங்கும் கரண்ட் இருக்கிறது, தண்ணீர் முதலில் புகுவதும் அந்தத் திறந்த வாய்தான்.

பெட்டி

சப்ளையையும் கன்ட்ரோலரையும் வெளிப்புறப் பெட்டியில் வைத்து, வயர்கள் எல்லாவற்றையும் அடிப்பக்கமாகவே உள்ளே விடுங்கள், கிளாண்ட் போட்டு, அதாவது துளையில் வயரை ரப்பரால் இறுக்கி அடைக்கிற மரை. வெளியே ஒவ்வொரு வயரும் நுழைவதற்கு முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறி வரட்டும். மழைத் தண்ணீர் வயரோடு வழிந்து வந்து அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். பெட்டியின் மிகத் தாழ்ந்த மூலையில் 5 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். மூடிய பெட்டிக்குள் இரவில் குளிர்ந்த காற்று வியர்க்கும், அந்த ஈரம் வெளியேற வழி வேண்டும். கிளாண்டின் ரப்பர் உருண்டை வயரைத்தான் இறுக்கிப் பிடிக்கும். தட்டை வயரையோ இரண்டு வயரையோ ஒரே கிளாண்டில் விட்டால் இடைவெளி வழியாக ஒழுகும்.

மாட்டும் முன், மாட்டிய பின்

எந்தச் சரத்தையும் ஒரு முழு இரவு தரையில் எரியவிடாமல் நான் ஏணிக்குக் கொண்டுபோவதில்லை. சூடாகிச் சாகிற பிக்சல் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்திலேயே செத்துவிடும். தரையில் மாற்றுவது ஐந்து நிமிட வேலை, கூரையில் அது அரை நாள்.

மாட்டும்போது சரத்தின் பாரம் வயரில் தொங்கக் கூடாது. ஒரு மெல்லிய எஃகுக் கயிறு கட்டி, அதில் கறுப்பு கேபிள் டையால் ஒவ்வொரு இரண்டாவது பிக்சலையும் பிடியுங்கள். வெள்ளை டை வெயிலில் நொறுங்கிவிடும். காற்றில் ஆடினால் பிக்சலின் கழுத்தில்தான் வயர் அறும், அங்கே ஆட்டம் இருக்கக் கூடாது.

பிறகு முழு வெள்ளையில் எரியவிட்டு, ஒவ்வொரு சரத்தின் கோடியிலும் மல்டிமீட்டர் வையுங்கள். 5 வோல்ட் சரத்தில் 4.5க்குக் கீழே காட்டினால் அங்கே இன்னொரு ஊட்டு வயர் தேவை. பச்சை கேட்டால் சிவப்பு வருகிறதா? அது வயரிங் கோளாறு இல்லை, மென்பொருளில் நிற வரிசையை மாற்றுங்கள். குறிப்பிட்ட இடம் வரை நன்றாக எரிந்து அதற்குப் பிறகு இருட்டு என்றால், எரிகிற கடைசிப் பிக்சல் அல்லது எரியாத முதல் பிக்சல், இரண்டில் ஒன்று கெட்டது. ஏறியது ஏறியாயிற்று, இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். வெளிச்சம் ஏற்றும்போது மட்டும் எல்லாம் மினுக்கினால் கிரவுண்ட் ஜாயின்ட்டைத் தேடுங்கள். முதல் பிக்சலே தாறுமாறாக ஆடினால் கன்ட்ரோலருக்கும் அதற்கும் நடுவிலுள்ள டேட்டா வயர்.

பண்டிகை முடிந்து கழற்றும்போது ஒவ்வொரு கனெக்டரிலும் எண் எழுதி ஒட்டுகிறேன், எந்த இடம், எந்த வெளியீடு, எத்தனையாவது ஃபியூஸ் என்று. கனெக்டர்களை வாய் திறந்தபடி இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, உள்ளே ஈரம் இல்லை என்று பார்த்த பிறகே மூடி போடுவேன். சரத்தைக் கையில் முழங்கை சுற்றாகச் சுற்றாமல், அகலமான அட்டையில் தளர்வாகச் சுற்றி வைக்கிறேன்.